அமிலத்தைக் கூண்டில் அடைப்பது எப்படி? எல்லாம் சமைக்கிற பக்குவத்தில் இருக்கிறது

புனேவின் ஔந்த் என்றதும் ஐ.டி. ஊழியர்கள் வசிக்கும் அடுக்குமாடிகளும், மால்களும், டிராஃபிக்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் பாஷாண். அங்கே ஹோமி பாபா சாலையில் இருக்கிறது தேசிய வேதியியல் ஆய்வகம், சுருக்கமாக என்.சி.எல். 1950 ஜனவரி 3 அன்று நேரு திறந்துவைத்தது. பக்கத்திலேயே 2006-இல் தொடங்கப்பட்ட ஐசர் கல்வி நிறுவனம். இந்தியாவின் வினையூக்கி ஆராய்ச்சியில் கணிசமான பகுதி இந்த ஒரே வட்டாரத்தில் நடந்திருக்கிறது.

அந்த ஆராய்ச்சியில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். கரைந்து ஓடிவிடும் ஓர் அமிலத்தைத் திடப்பொருளுக்குள் பூட்டிவைத்து, வேலையை வாங்கிக்கொண்டு, டீத்தூளை வடிகட்டுவதுபோல வடிகட்டி எடுத்து, மறுபடி பயன்படுத்த முடியுமா?

2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இந்தக் கேள்வியை மீண்டும் பேச வைத்திருக்கிறது. சுசுமு கிடகவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி ஆகிய மூவருக்கும் அந்தப் பரிசு கிடைத்தது உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்காக. ஆங்கிலப் பெயரின் சுருக்கம் எம்.ஓ.எஃப். உலோக அணுக்களை மூலைக்கற்களாகவும், கரிம மூலக்கூறுகளை உத்தரங்களாகவும் வைத்துக் கட்டிய படிகங்கள். உள்ளே ஒரே அளவில் வரிசை வரிசையாக அறைகள். கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது, பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது என்று செய்திகளில் நிறையப் படித்திருப்பீர்கள். அதே அறைகளில் ஓர் அமிலத்தைக் குடியமர்த்தினால் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

எந்த அமிலம், எந்தக் கட்டமைப்பு என்று தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இரண்டையும் எந்தச் சூட்டில், எந்தக் கரைப்பானில், எந்த வரிசையில் சேர்த்தோம், கடைசியில் எதை ஊற்றிக் கழுவினோம் என்பதில்தான் அந்தப் பூட்டு பூட்டா, வெறும் தாழ்ப்பாளா என்பது முடிவாகிறது.

அமிலத்தை ஏன் பூட்ட வேண்டும்?

முதலில் ஒரு கணக்கு. வினையூக்கியாகப் பயன்பட்ட கந்தக அமிலம் வினையில் செலவாவதில்லை. வேலை முடிந்த பிறகும் அப்படியே பாத்திரத்தில் கிடக்கும். பொருளைப் பிரித்தெடுக்க அதைச் சமன்படுத்தியாக வேண்டும். 1 டன் கந்தக அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சமன்படுத்தினால் சுமார் 1.75 டன் ஜிப்சம் கிடைக்கும். காஸ்டிக் சோடா போட்டால் 0.8 டன்னுக்கு மேல் சோடா செலவாகி, 1.45 டன் சோடியம் சல்ஃபேட் உப்பு கழிவுநீரில் கலந்து நிற்கும். இது மூலக்கூறு எடையை வைத்துப் போட்ட எளிய கணக்குதான். எந்த ஆலையாக இருந்தாலும் இது மாறாது. ஆற்றோரத்தில் தொழிற்பேட்டை இருக்கும் எந்த ஊர்க்காரரிடம் கேட்டாலும், அந்த உப்புத்தண்ணீர் என்றால் என்னவென்று சொல்வார்.

கந்தக அமிலமாவது பரவாயில்லை. சலவைத்தூளின் மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீனைத் தயாரிக்க உலகம் முழுக்க நெடுங்காலமாகப் பயன்பட்டது ஹைட்ரஜன் ஃப்ளூரைடு. தோலில் பட்டால் எலும்புவரை போகிற சரக்கு. 2012 செப்டம்பரில் தென் கொரியாவின் குமி நகரில் உள்ள ஓர் ஆலையில் இது கசிந்து 5 பேர் இறந்தார்கள். அதே சலவைத்தூள் மூலப்பொருளைத் திட அமிலத்தால் தயாரிக்கும் முறை 1990-களில் ஆலைக்கு வந்தது. ஆக, அமிலத்தைத் திடமாக்குவது ஆய்வகத்தோடு நிற்கிற ஆசை இல்லை, நடைமுறைக்கு வந்துவிட்ட விஷயம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால், பஜ்ஜி சுட்டுச் சுட்டுக் கறுத்த எண்ணெய். அதை பயோடீசல் ஆக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஒரு திட்டமே தொடங்கியது. சிக்கல் என்னவென்றால், பலமுறை காய்ந்த எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலங்கள் கூடிவிடும். வழக்கமான கார வினையூக்கியைப் போட்டால் பயோடீசலுக்குப் பதிலாக சோப்பு வரும். அதனால் முதலில் ஓர் அமில வினையூக்கியால் அந்தக் கொழுப்பு அமிலங்களை மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்க வேண்டும். இந்த வினையில் பக்க விளைவாகத் தண்ணீர் உருவாகிறது. இந்தத் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பிரச்சினை கொடுக்கப்போவது இதுதான்.

யார் இந்தக் கைதி?

கூண்டில் அடைக்கப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது பாஸ்போடங்ஸ்டிக் அமிலம். நடுவில் ஒரு பாஸ்பரஸ், சுற்றிலும் 12 டங்ஸ்டன், 40 ஆக்சிஜன். கிட்டத்தட்ட ஒரு பந்து. 1933-இல் ஜே.எஃப். கெகின் எக்ஸ்-கதிரை வைத்து இதன் அமைப்பைக் கண்டறிந்ததால் கெகின் அமைப்பு என்றே பெயர். வெளி ஆக்சிஜன்களின் சுற்றளவையும் சேர்த்தால் குறுக்களவு சுமார் 1.3 நானோமீட்டர். அமிலத்தன்மையில் கந்தக அமிலத்தைவிட வலிமையானது.

ஆனால் இதிலும் இரண்டு குறைகள். ஒன்று, உருவம் பெரிது, சரக்கு குறைவு. நீரில்லா நிலையில் ஒரு மோல் எடை சுமார் 2,880 கிராம், அதில் கிடைப்பதோ மூன்றே மூன்று புரோட்டான். அதாவது ஒரு மோல் புரோட்டானுக்கு 960 கிராம் சுமக்க வேண்டும். கந்தக அமிலத்தில் அதே அளவுக்கு 49 கிராம் போதும். கிட்டத்தட்ட 20 மடங்கு வித்தியாசம். இரண்டாவது, இது தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் சர்க்கரை மாதிரி கரைந்துவிடும். திடமாக அப்படியே போட்டாலும் ஒரு கிராமுக்குப் பத்து சதுர மீட்டருக்கும் குறைவான பரப்புதான் வேலைக்குக் கிடைக்கும். உள்ளே இருக்கிற அமிலம் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

அதனால் இதை ஏதோ ஒன்றின்மேல் மெல்லிசாகப் பரப்ப வேண்டும், அல்லது ஏதோ ஒன்றின் உள்ளே ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்க வேண்டும்.

புனேவில் முதலில் என்ன செய்தார்கள்?

எம்.ஓ.எஃப். பிரபலமாவதற்கு முன்பே பாஷாணில் இந்த இரண்டு வழிகளும் சோதிக்கப்பட்டுவிட்டன.

உள்ளே வைக்கும் வழிக்கு அன்று கிடைத்த கூண்டு ஜியோலைட். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பால் ரத்னசாமி 1995 முதல் 2002 வரை என்.சி.எல்.லின் இயக்குநராக இருந்தவர். ஜியோலைட் வினையூக்கிகளை இந்திய பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்குக் கொண்டுபோனதில் அவருடைய பங்கு பெரிது. 1990-களில் அவரும் ராபர்ட் ராஜாவும் தாலோசயனின் என்ற, நிறமிகளில் பயன்படும் மூலக்கூற்றை ஜியோலைட்டுக்குள் அடைத்து ஆக்சிஜனேற்ற வினைகளைச் செய்து காட்டினார்கள். அது அமிலம் இல்லை என்றாலும் உத்தி அதேதான். ஒய் வகை ஜியோலைட்டின் அறை 1.3 நானோமீட்டர், வாசல் வெறும் 0.74. முழு தாலோசயனின் அந்த வாசலில் நுழையாது. அதனால் நான்கு சின்னத் துண்டுகளைத் தனித்தனியாக உள்ளே அனுப்பி, அறைக்குள்ளேயே அவற்றைப் பூட்டி ஒன்றாக்கும் முறை இருக்கிறது. பிறகு அது வெளியே வர வழியே இல்லை. வேதியியலாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'பாட்டிலுக்குள் கப்பல்'.

அப்படியானால் கெகினையும் ஜியோலைட்டுக்குள்ளேயே கட்டிவிடலாமே? 1990-களில் ஜப்பானில் அதையும் முயன்றார்கள். ஆனால் கெகின் உருவாக நல்ல புளிப்பான சூழல் வேண்டும். அந்தப் புளிப்பு ஜியோலைட்டின் சுவரில் இருக்கும் அலுமினியத்தை அரித்தெடுக்கும். கைதிக்கு ஒத்துப்போகிற சூழல் சிறைக்கு ஆகவில்லை. இந்த மோதல்தான் பின்னால் எம்.ஓ.எஃப். கதை முழுக்க வருகிறது.

மேலே பரப்பும் வழியில் என்.சி.எல்.லின் எஸ்.பி. ஹள்ளிகுடி குழு 2000-களின் நடுவில் பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தைச் சிர்கோனியாமீது ஏற்றிப் பார்த்தது. எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு சூட்டில் சுடுவது என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில் எடையில் 15 விழுக்காடு ஏற்றி, சுமார் 750 டிகிரி செல்சியஸில் சுட்டது நன்றாக வேலை செய்தது. சூட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் பலன் இறங்கியது. ஒரே அமிலம், ஒரே தாங்கி, ஆனால் பக்குவம் மாறினால் வேறு சரக்கு. மும்பையில் ஜி.டி. யாதவ் குழு இதே அமிலத்தை களிமண்மீது ஏற்றி 1990-களிலிருந்தே ஆய்வு செய்துவந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது முயற்சி 2014-இல். அப்போது என்.சி.எல்.லில் இருந்த ராகுல் பானர்ஜி குழு, உலோகமே இல்லாத கரிமக் கட்டமைப்பு ஒன்றைத் தயாரித்து அதைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊற வைத்தது. சுவரில் இருந்த நைட்ரஜன் அணுக்கள் அமிலத்தைப் பிடித்துக்கொண்டன. நோக்கம் வினையூக்கி அல்ல, எரிபொருள் கலனுக்காகப் புரோட்டானைக் கடத்துவது. ஆனால் புளிப்பில் கரையாத சுவர் முதலில் இருந்தால்தான் அமிலத்தை உள்ளே வைப்பதைப் பற்றியே பேச முடியும் என்பதை அந்த வேலை தெளிவாகக் காட்டியது. இன்று பக்கத்து ஐசரில் சுஜித் கோஷ் குழு எம்.ஓ.எஃப்.களை வைத்து நீரிலுள்ள மாசுகளைப் பிடிப்பதிலும், தண்ணீரில் கெடாத கட்டமைப்புகள் என்பதே அடிப்படைத் தேவையாக இருக்கிறது.

பீரோவும் வீடும்

இனி எம்.ஓ.எஃப்.புக்கு வருவோம். பழைய இரும்பு பீரோ ஒன்றைப் புது வீட்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டு வழிதான். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வாசல் வழியாக பீரோவை நுழைக்கலாம். அல்லது பீரோவை மனையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பலாம்.

முதல் வழி, ஊற வைப்பது. தயாரான எம்.ஓ.எஃப். பொடியை அமிலக் கரைசலில் போட்டுவிட்டால் அமிலம் துளை வழியாக உள்ளே போகும். சுலபம். ஆனால் உள்ளே போன வாசல் வழியாகவே வெளியேயும் வரும். இரண்டாவது வழி, சேர்த்தே சமைப்பது. உலோக உப்பு, கரிம இணைப்பான், அமிலம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, அமிலத்தைச் சுற்றிக் கூண்டு வளரும்படி செய்வது.

இதில் அதிகம் ஆராயப்பட்டது எம்.ஐ.எல்.-101. பிரான்சின் ஜெரார் ஃபெரே குழு 2005-இல் வெளியிட்ட குரோமியக் கட்டமைப்பு. குரோமியம் நைட்ரேட்டும் டெரிஃப்தாலிக் அமிலமும் தண்ணீரில், மூடிய ஆட்டோகிளேவில், 220 டிகிரியில், 8 மணி நேரம். உள்ளே இரண்டு வகை அறைகள். சின்னது 2.9 நானோமீட்டர், பெரியது 3.4. சின்ன அறைக்கு 1.2 நானோமீட்டர் ஐங்கோண ஜன்னல்கள் மட்டும். பெரிய அறைக்கு அதோடு சுமார் 1.5 நானோமீட்டர் அறுகோண ஜன்னல்களும் உண்டு.

இப்போது நம்ம கெகினின் 1.3 நானோமீட்டரை இதோடு வைத்துப் பாருங்கள். ஊற வைத்தால் அது பெரிய அறைக்குள் மட்டும்தான் போகும். இந்தப் படிகத்தின் ஒவ்வோர் அலகிலும் சின்ன அறைகள் 16, பெரியவை 8. அதாவது மூன்றில் இரண்டு பங்கு அறைகள் ஊற வைக்கும் முறையில் திறப்பதே இல்லை.

சேர்த்தே சமைத்தால்? 2010-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு அதைச் செய்தது. கப்பலைச் சுற்றி பாட்டில் கட்டுகிறோம் என்று ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார்கள். ஊற வைத்ததில் பெரிய அறைகளில் மட்டுமே இருந்த அமிலம், சேர்த்துச் சமைத்ததில் சின்ன அறைகளிலும் பரவியிருந்தது. சின்ன அறையில் மாட்டிக்கொண்ட கெகினுக்கு வெளியேற வழியில்லை. வினைக்குப் பிறகு அமிலம் கழன்று வந்ததாகத் தெரியவில்லை.

இங்கே நாமே ஒரு கணக்குப் போடலாம். கட்டமைப்பின் ஓர் அலகு எடை சுமார் 1,95,700. எட்டுப் பெரிய அறைகளில் ஆளுக்கு ஒரு கெகின் வைத்தால் மொத்த எடையில் அமிலம் சுமார் 10.5 விழுக்காடு. 24 அறைகளிலும் ஒன்று வைத்தால் 26 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. புரோட்டானாக மாற்றினால்தான் உண்மை தெரியும். முதல் வகையில் கிராமுக்கு 0.11 மில்லிமோல், இரண்டாவதில் 0.27. கடையில் கிடைக்கும் ஆம்பர்லிஸ்ட்-15 என்ற அமில ரெசினில் கிராமுக்கு 4.7 மில்லிமோல் இருக்கிறது. எம்.ஓ.எஃப். அமிலத்தின் பலம் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு புரோட்டானின் வீரியத்திலும், ஒவ்வொன்றும் வினைபடு பொருளின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் தயாரிப்பில் கோட்டை விட்டால் மிஞ்சுவது விலை உயர்ந்த பச்சைப் பொடி.

பக்குவம் எங்கே தவறுகிறது?

முதல் எதிரி பி.எச். கெகின் பந்து தண்ணீரில் முழுசாக இருப்பது பி.எச். 1.5, 2-க்குக் கீழேதான். அதற்கு மேலே போனால் முதலில் ஒரு டங்ஸ்டன் கழன்று ஓட்டைப் பந்தாகும். காரத்தன்மை வந்துவிட்டால் சாதாரண டங்ஸ்டேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் சிதைந்துவிடும். ஆனால் பெரும்பாலான எம்.ஓ.எஃப்.கள் உருவாக அதற்கு நேர் எதிர் நிலை வேண்டும். கரிம இணைப்பான் தன் புரோட்டானை விட்டுக்கொடுத்தால்தான் உலோகத்தோடு கைகோக்கும். அதற்குக் கொஞ்சமாவது காரம் உதவ வேண்டும். இமிடசோல் வகை இணைப்பான்களால் கட்டும் இசட்.ஐ.எஃப்.-8 இதற்கு மோசமான உதாரணம். காரச் சூழலில்தான் வளரும், புளிப்புப் பட்டால் கரையும். அங்கே இந்த அமிலத்தைக் கொண்டுபோவது வெயிலில் வெண்ணெய் வைக்கிற வேலை.

எம்.ஐ.எல்.-101 தப்பித்தது இதனால்தான். குரோமியக் கரைசலே இயல்பில் நல்ல புளிப்பு. அந்தப் புளிப்பிலும் இணைப்பானை வேலை செய்ய வைக்கத்தான் 220 டிகிரி சூடு. இணைப்பானைத் தூண்டும் வேலையைக் காரத்துக்குப் பதிலாகச் சூடு எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எதிரி கரைப்பான். எம்.ஓ.எஃப். ஆய்வகங்களில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கரைப்பான் டி.எம்.எஃப். எல்லாவற்றையும் கரைக்கும். ஆனால் ஈரத்தோடு நீண்ட நேரம் சூடாக்கினால் அது உடைந்து டைமெத்தில்அமீன் என்ற காரத்தை மெல்ல மெல்ல விடும். எம்.ஓ.எஃப். வளர அது ரொம்ப வசதி, சொல்லப்போனால் பல செய்முறைகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. கூடவே அமிலத்தைப் போட்டிருந்தால் என்னாகும்? அந்த அமீன் நேராகப் போய் புரோட்டானைத் தூக்கிக்கொள்ளும். கெகின் பந்து கெடாமலேயே இருக்கலாம், எக்ஸ்-கதிர்ப் படத்தில் எல்லாம் சரியாகவே தெரியலாம். பூட்டியிருப்பது அமிலம் இல்லை, அதன் உப்பு.

செம்புக் கட்டமைப்பான எச்.கே.யு.எஸ்.டி.-1 இந்த விஷயத்தில் சுவாரசியமானது. 1999-இல் ஹாங்காங்கில் முதலில் தயாரித்தபோது 180 டிகிரி சூடு தேவைப்பட்டது. அதன் பெரிய அறை சுமார் 1.3 நானோமீட்டர், ஜன்னல் 0.9. கெகினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. 2009-இல் சீனாவின் வடகிழக்கு நார்மல் பல்கலைக்கழகம் கெகின்கள் உள்ளே உட்கார்ந்த இதன் படிகங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் லூவன் குழு, கெகின் இருந்தால் இந்தக் கட்டமைப்பு அறை வெப்பநிலையிலேயே உருவாகிவிடும் என்று காட்டியது. கெகின் ஓர் அச்சு மாதிரி நின்று, செம்பு அயனிகளைத் தன்னைச் சுற்றி வரவழைக்கிறது. கைதியே சிறையைக் கட்டிக்கொள்கிற கதை. சூடு இல்லை, டி.எம்.எஃப். இல்லை, தண்ணீரும் ஆல்கஹாலும் போதும். என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான சோதனை இதுதான். ஆனால் செம்புக் கட்டமைப்பு ஈரத்தைப் பொதுவாக அவ்வளவாகத் தாங்காது. உபரி செம்பு அயனிகள் புரோட்டானின் இடத்தில் உட்கார்ந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

சிர்கோனியக் கட்டமைப்பான யு.ஐ.ஓ.-66 (ஆஸ்லோ பல்கலைக்கழகம், 2008) புளிப்பைத் தாங்கும். அதைத் தயாரிக்கும்போதே அசிட்டிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்றவற்றைச் சேர்ப்பது வழக்கம், வளர்ச்சியின் வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான். கெகினுக்கும் அந்தச் சூழல் ஒத்துப்போகும். ஆனால் ஜன்னல் 0.6 நானோமீட்டர்தான். அமிலம் வெளியே வராது, சரி. வினைபுரிய வேண்டிய மூலக்கூறு உள்ளே போக வேண்டுமே? சேர்க்கும் அமிலத்தின் அளவைக் கூட்டினால் கட்டமைப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக உத்தரங்கள் விடுபட்டு வழி பெரிதாகும். ரொம்பக் கூட்டினால் கைதியும் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். எத்தனை செங்கல்லை உருவலாம் என்பதை அங்கே அந்த ஒரு பொருளின் அளவு முடிவு செய்கிறது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது: கழுவுவதும் உலர்த்துவதும். எம்.ஐ.எல்.-101 தயாரானதும் வினைபுரியாமல் மிஞ்சிய டெரிஃப்தாலிக் அமிலம் அறைகளை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை எடுக்க வழக்கமாகச் சூடான எத்தனால், டி.எம்.எஃப்., அம்மோனியம் ஃப்ளூரைடு கரைசல் என்று கழுவுவார்கள். வெறும் கட்டமைப்புக்கு அது நல்ல செய்முறை. அமிலம் உள்ளே இருந்தால் எத்தனால் அதைக் கரைத்து இழுக்கும், டி.எம்.எஃப். காரமாக வேலை காட்டும், அம்மோனியம் புரோட்டானை வெளியே தள்ளும். அழுக்கோடு குழந்தையையும் கழுவிவிடக் கூடாது என்பதால், பாதி அழுக்கோடு வாழ வேண்டியிருக்கிறது. அந்தப் பாதி அழுக்கு அறையை அடைத்து வினையின் வேகத்தைக் குறைக்கும்.

உலர்த்தும் சூடுகூட விஷயத்தை மாற்றும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் என்.யு.-1000 என்ற சிர்கோனியக் கட்டமைப்பில் இதே அமிலத்தை ஊற வைத்தார்கள். மிதமாக உலர்த்தினால் அமிலம் 3 நானோமீட்டர் அகலமுள்ள பெரிய குழாய்களில் இருந்தது. சூடாக்கி உலர்த்தினால் பக்கத்திலுள்ள சின்னக் குழாய்களுக்கு நகர்ந்துவிட்டது. ஒரே பொடி, ஒரே அளவு அமிலம், ஆனால் வினைத்திறன் வேறு. 2018-இல் வெளிவந்த அந்த முடிவைப் படித்த பிறகு, "எவ்வளவு அமிலம் ஏற்றினோம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தும் அட்டவணைகளை நம்புவது கஷ்டம்.

எண்களை எப்படிப் படிப்பது?

இந்தத் துறைச் செய்திகளில் அடிக்கடி வரும் வாக்கியம்: "ஐந்து முறை மறுபயன்பாட்டுக்குப் பிறகும் 95 விழுக்காடு மாற்றம்." இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. போதுமான நேரம் கொடுத்தால் பாதி அமிலம் ஓடிப்போன வினையூக்கிகூட 95 விழுக்காட்டை எட்டிவிடும். பார்க்க வேண்டியது வினை பாதி தூரம் போயிருக்கும்போது உள்ள வேகத்தை.

அடுத்தது சூட்டோடு வடிகட்டும் சோதனை. வினை நடந்துகொண்டிருக்கும்போதே பொடியை வடிகட்டி எடுத்துவிட்டு, தெளிந்த திரவத்தை மட்டும் அதே சூட்டில் தொடர விட வேண்டும். வினை நின்றால் அமிலம் உள்ளேயே இருந்தது என்று அர்த்தம். தொடர்ந்து நடந்தால் வேலை செய்தது வெளியே வந்த அமிலம்தான், கூண்டு சும்மா அலங்காரம். ஆறிய பிறகு வடிகட்டினால் கரைந்த அமிலம் திரும்பப் பொடிக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். அதனால்தான் "சூட்டோடு" என்பது முக்கியம்.

எஸ்டர் வினையில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். நான் ஞாபகம் வைக்கச் சொன்ன தண்ணீர் இங்கே வருகிறது. வினை நடக்க நடக்கத் தண்ணீர் உருவாகும். கூடவே மெத்தனால் வேறு. இரண்டும் கெகினை நன்றாகக் கரைப்பவை. முதல் அரை மணி நேரத்தில் பத்திரமாக இருந்த பூட்டு மூன்றாவது மணி நேரத்தில் தளரலாம்.

ஆலைக்கு எப்போது வரும்?

பெட்ரோகெமிக்கல் ஆலைகளின் ஜியோலைட்டை இது விரட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜியோலைட்டில் கரி படிந்தால் 500 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்து மறுபடி போடுவார்கள். எம்.ஐ.எல்.-101 காற்றில் சுமார் 275 டிகிரிவரைதான் தாங்கும். எரித்தால் கரியோடு கூண்டும் போய்விடும். எம்.ஓ.எஃப்.கள் டன் கணக்கில் தயாராகத் தொடங்கியிருப்பது உண்மைதான், ஆனால் அது கார்பன் டை ஆக்சைடு பிடிப்பதற்காக. அமிலம் அடைத்த வகைக்கு இடம் இருப்பது 100 டிகிரி சுற்றுவட்டாரத்தில், திரவத்தில் நடக்கும் வினைகளில்: எஸ்டர்கள், மருந்து இடைப்பொருட்கள், பழைய எண்ணெயின் முதல்கட்டச் சுத்திகரிப்பு.

இன்னொரு முரணையும் சொல்லிவிட வேண்டும். எம்.ஐ.எல்.-101-இன் முதல் செய்முறையில் படிகம் நன்றாக வளரச் சேர்க்கப்பட்டது ஹைட்ரஜன் ஃப்ளூரைடு. எதிலிருந்து தப்பிக்கத் திட அமிலம் தேடினார்களோ அதையே ஊற்றித் தயாரித்தார்கள். பிற்காலச் செய்முறைகளில் அதற்குப் பதில் நைட்ரிக் அமிலம், அசிட்டிக் அமிலம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் அப்படி மாற்றும்போது படிக அளவும், மிச்ச அழுக்கின் அளவும், அதனால் கழுவும் முறையும் மாறும். அமிலத்தின் கதியும் கூடவே மாறும்.

பழைய எண்ணெய் என்று வந்தால் கடைசியாக ஒரு சிக்கல் பாக்கி. பஜ்ஜி சுட்ட எண்ணெயில் உப்பும் ஈரமும் இருக்கும். கூண்டின் ஜன்னல் கெகினைத் தடுக்கும், சோடியம் அயனியைத் தடுக்காது. அது உள்ளே போய்ப் புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், புரோட்டான் வெளியே வந்துவிடும். வடிகட்டிய திரவத்தில் டங்ஸ்டன் இருக்கிறதா என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கழற்சி இல்லை என்று அறிக்கை எழுதிவிடலாம். அதனால்தான் டங்ஸ்டன் அளவோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பொடியைத் தனியாக எடுத்து அதில் எத்தனை புரோட்டான் மிச்சமிருக்கிறது என்று காரம் சொட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய எண்ணெயை இந்தப் பொடியோடு சேர்ப்பதற்கு முன் முதலில் தண்ணீரால் கழுவி உப்பை நீக்கி, பிறகு ஈரம் போக உலர்த்தியாக வேண்டும். அந்தக் கழுவிய தண்ணீரும் கழிவுக் கணக்கில்தான் சேரும்.